முப்பத்துமூன்றில் நின்ற முள்

இது நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதல்ல. நடந்தபோது நான் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் உங்கள் இஷ்டம். நம்பவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

பேய் என்றால் நடு ராத்திரியில் வரும், நாய் ஊளையிடும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இது வந்தது பகலில். சரியாகப் பன்னிரண்டு இருபதுக்கு. தார் ரோடு இளகுகிற வெயிலில். உச்சிவேளையில் வெளியே சுற்றாதே என்று வீட்டில் திட்டுவார்களே, சும்மா திட்டவில்லை.

மாயவன் என் பக்கத்துக் கடைக்காரன். நல்லம்பள்ளி தாண்டி, சேலம் போகிற பைபாஸில் எனக்குப் பேட்டரிக் கடை, அவனுக்கு டயர் கடை. நடுவில் ஒரு தகரத் தடுப்பு மட்டும்தான். அவன் தும்மினால் எனக்குக் கேட்கும். நாற்பத்தாறு வயது. மனைவி சுகுணா. ஒரே பெண் ஐஸ்வர்யா, பெங்களூரில் வேலை. அந்தப் பெண் என்றால் அவனுக்கு உயிர். அவள் போன் வந்தால் பாதி கழற்றிய டயரை அப்படியே போட்டுவிட்டு ஓரமாகப் போய்விடுவான்.

தொழிலில் கெட்டிக்காரன்தான், அதை மறைக்க மாட்டேன். முழ நீளத்துக்கு ஒரு இரும்புத் தடி வைத்திருந்தான். லாரிக்காரர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். டயரைத் தடியால் ஒரு தட்டு. 'ணங்' என்று கேட்டால் காற்று இருக்கிறது. 'டொப்' என்றால் இல்லை. ஆனால் மாயவன் கண்ணை மூடிக்கொண்டு தட்டி, எத்தனை இருக்கிறது என்று எண்ணையே சொல்வான். அப்புறம் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒன்றோ இரண்டோதான் வித்தியாசம் வரும். மெஷின் பொய் சொல்லும், என் காது பொய் சொல்லாது என்பான். இருபது வருஷம் அந்தத் திமிருக்கு ஒரு குறையும் வரவில்லை.

அப்புறம் பெங்களூரிலிருந்து பெரிய பெரிய கார்கள் வர ஆரம்பித்தன. அதில் சிலவற்றில் ரன்பிளாட் டயர். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அந்த டயரின் பக்கச் சுவர் கெட்டியானது. உள்ளே காற்றே இல்லாவிட்டாலும் சப்பையாக உட்காராது. வண்டியைத் தாங்கிக்கொண்டு, எண்பது வேகத்துக்கு மேல் போகாமல், எண்பது கிலோமீட்டர் வரை ஓடும். நல்ல விஷயம்தான். ஆனால் காற்று போனது கண்ணுக்கும் தெரியாது, ஓட்டுகிறவன் கைக்கும் தெரியாது. முன்னால் டேஷ்போர்டில் மஞ்சள் லைட் ஒன்று எரியும். அந்த லைட்தான் கண். லைட் எரிந்தால் மீட்டர் வைத்து நாலு டயரும் பார்க்க வேண்டும். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கிற எண்ணுக்குக் காற்று நிரப்ப வேண்டும். அதற்கப்புறம்தான் ரீசெட் அமுக்க வேண்டும். குறைந்த காற்றோடு ரீசெட் அமுக்கினால் வண்டி அதையே சரியான அளவு என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் எச்சரிக்கவே எச்சரிக்காது.

டயர் கம்பெனி ஆள் ஒருவர் வந்து இதையெல்லாம் சொல்லிவிட்டுப் போனார். தட்டிப் பார்க்கிற வேலையை இதில் வைத்துக்கொள்ளாதீர்கள், கெட்டிச் சுவர், காற்று இல்லாவிட்டாலும் ணங் என்றுதான் கேட்கும் என்றார். அவர் போன பிறகு மாயவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். டை கட்டினவன் எனக்கு டயர் சொல்லித் தர வந்துட்டான் என்றான்.

மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. சரத் வந்தான்.

வத்தல்மலைப் பையன். இருபத்தேழு வயது. பெங்களூரில் ஒரு முதலாளிக்கு டிரைவர். சாம்பல் நிறப் பெரிய கார். சேலத்தில் இருக்கிற முதலாளியைக் கூட்டிவரத் தனியாகப் போய்க்கொண்டிருந்தான். மஞ்சள் லைட் எரிகிறது என்று கடையில் நிறுத்தினான். மணி பன்னிரண்டு இருபது. மாயவன் அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தான். அந்த எரிச்சலோடு எழுந்தான். தடியை எடுத்தான். ணங், ணங், ணங், ணங். நாலும் கல்லு மாதிரி இருக்கு, உன் சென்சார்தான் கோளாறு என்றான்.

பையன் தயங்கினான். நல்ல மரியாதையான பையன்.

"அண்ணா, மீட்டர் வெச்சு ஒருக்கா பாத்துடுங்களேண்ணா."

மாயவனுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. வண்டி ஓட்டுறது உன் வேலை, காத்து பாக்குறது என் வேலை என்றான். உள்ளே உட்கார்ந்து ரீசெட்டை அமுக்கினான். லைட் அணைந்தது. பன்னிரண்டு இருபத்தெட்டுக்குச் சரத் கிளம்பிப் போனான்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு, மாதம் தவறாமல் யாரையாவது காவு வாங்குகிற தொப்பூர் கணவாய் இறக்கத்தில், பின்பக்க இடது டயர் கிழிந்து, வண்டி தடுப்புச் சுவரில் மோதியது. பையன் அங்கேயே போய்விட்டான்.

மதியச் சாப்பாட்டு நேரம், தனி ஆள், நல்ல ரோடு. டிரைவர் தூங்கிவிட்டான் என்றார்கள். முதலாளியும் அதையே சொன்னார். பேப்பரிலும் அதே வந்தது. மாயவன் மறுநாள் போய், ஓரமாக இழுத்துப் போட்டிருந்த வண்டியைப் பார்த்துவிட்டு வந்தான். கிழிந்த டயருக்குள் கைவிட்டால் கரித்தூள் மாதிரி ரப்பர்ப் பொடி கை நிறைய வந்தது. காற்றில்லாமல் வெகுதூரம் ஓடிய டயரில்தான் அப்படிப் பொடி இருக்கும். அவனுக்கு அது தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு வந்து கடையைத் திறந்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை. என்னிடம்கூட.

காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து சரத்தின் மனைவி பிரியங்கா வந்தாள். சின்னப் பெண். மலையிலிருந்து தனியாக வந்திருந்தாள். அழவில்லை. அன்றைக்குப் பன்னிரண்டு இருபத்திரண்டுக்கு அவன் அவளுக்குப் போன் செய்திருக்கிறான். பைபாஸில் ஒரு டயர் கடையில் நிற்கிறேன், லைட் எரியுது, காத்து பாத்துட்டுப் போறேன் என்று சொல்லியிருக்கிறான். அவள் வழியில் இருக்கிற டயர் கடைகளாக ஏறி இறங்கிக் கடைசியில் இங்கே வந்திருந்தாள்.

"எனக்கு வேற ஒன்னும் வேணாங்கண்ணா. அவரு தூங்கல. ஊர்ல எல்லாரும் தூங்கிட்டான் தூங்கிட்டான்றாங்க. இங்க வந்தாரு, காத்து பாத்தாருன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

மாயவன் அந்த வண்டி இங்கே வரவே இல்லை என்றான்.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே கற்பூரம். கடை வாசலில் வைத்துக் கொளுத்தினாள். அணைச்சுச் சொல்லுங்கண்ணா, போயிடறேன் என்றாள். கற்பூரத்தை அணைத்துச் செய்கிற சத்தியம் எப்படிப்பட்டது என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நானும் இரண்டு லாரிக்காரர்களும் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த வண்டி வந்தபோது நான் தருமபுரிக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தேன். அதனால் அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது; அன்றைக்கு நடந்ததெல்லாம் பின்னால் மாயவன் வாயாலேயே கேட்டதுதான். மாயவன் குனிந்தான். உள்ளங்கையால் தீயை அமுக்கி அணைத்தான். அத்தோடு விட்டானா? கேட்காத சத்தியத்தையும் சேர்த்துச் செய்தான், பாவி.

"எம்புள்ள ஐஸ்வர்யா மேல சத்தியம். அந்த வண்டி வரல."

பிரியங்கா அணைந்த கற்பூரத்தைச் சுரண்டி எடுத்து முந்தானையில் முடிந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"சரிங்கண்ணா. அவரு கேட்டுக்குவாரு."

போய்விட்டாள்.

மறுநாள் பன்னிரண்டு இருபது. மாயவன் சாப்பிட உட்கார்ந்தான். வெளியே டயர் தட்டுகிற சத்தம் கேட்டது. ணங்... ணங்... ணங்... டொப். எட்டிப் பார்த்தான். வண்டி எதுவும் இல்லை. தடி சுவரோரம் சாத்தியபடி இருந்தது.

அதற்கு மறுநாளும் அதே நேரம். ணங்... ணங்... ணங்... டொப்.

எனக்கும் கேட்டது. அவன்தான் தட்டுகிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அவன் தடியைக் கொண்டுபோய் ஒரு பாழுங்கிணற்றில் போட்டுவிட்டு வந்தான். ஏன்யா என்று கேட்டேன். பழசாகிவிட்டது என்றான். இரும்புத் தடி எங்கே பழசாகும்? அன்றைக்கும் பன்னிரண்டு இருபதுக்குச் சத்தம் கேட்டது. இந்த முறை கடைக்குள்ளிருந்து கேட்டது.

இன்னொன்றும் நடந்தது. அந்த நேரத்தில் கடைக்குள் எந்தக் கார் நுழைந்தாலும் மஞ்சள் லைட் எரிந்தது. மாயவன் அடுத்த நாளே புதிதாக ஒரு மீட்டர் வாங்கினான், கடிகாரம் மாதிரி முள் வைத்தது. வருகிற வண்டிக்கெல்லாம் அதை வைத்துப் பார்த்தான். காற்று சரியாக இருக்கும். லைட் மட்டும் எரியும். பன்னிரண்டரை தாண்டினால் தானாக அணைந்துவிடும். அவன் ஒரு சுற்று இளைத்துப் போனான். தப்பை நினைத்து உருகினான் என்று நினைக்காதீர்கள். பயம். வெறும் பயம். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அப்போதும் அவனுக்குத் தோன்றவில்லை.

இப்படியே ஐம்பது நாள் ஓடியது.

வைகாசி முதல் வாரம். சேலத்தில் சுகுணாவின் சொந்தத்தில் ஒரு கல்யாணம். சுகுணா முந்தின நாளே போய்விட்டாள். ஐஸ்வர்யா பெங்களூரிலிருந்து தாய்மாமன் முனிராஜின் காரை வாங்கிக்கொண்டு தானே ஓட்டி வந்தாள். மாமன் புதிதாக வாங்கிய பழைய கார். வழியில் அப்பாவைப் பார்க்கக் கடையில் நிறுத்தினாள்.

மணி பன்னிரண்டு பதினெட்டு.

"அப்பா, ஏதோ மஞ்சள் லைட் எரியுதுப்பா. இப்பத்தான், கடைக்குத் திரும்பறப்ப எரிஞ்சுது."

மாயவன் டயரைப் பார்த்தான். நாலும் ரன்பிளாட். அவன் முகம் செத்துப்போனது. மீட்டரை எடுத்தான். முன் வலது, முப்பத்துமூன்று. முன் இடது, முப்பத்துமூன்று. பின் வலது, முப்பத்துமூன்று. பின் இடது டயரிடம் உட்கார்ந்து, வால்வை ஒரு தரம் துடைத்துவிட்டு மீட்டரை வைத்தான். முப்பத்துமூன்று. கதவோரம் ஒட்டியிருந்த எண்ணும் அதுதான். மறுபடியும் ஒரு சுற்று வைத்துப் பார்த்தான். அதே எண். ரீசெட் அமுக்கினான். லைட் அணைந்தது. திரும்ப எரியவில்லை.

அன்றைக்குத் தட்டுகிற சத்தமும் கேட்கவில்லை. அவனுக்கு அதுவே பெரிய நிம்மதியாகிவிட்டது. கொஞ்சம் இரு, சாப்பிட்டுவிட்டுப் போ என்றான். பந்திக்கு நேரமாகிவிட்டது, அம்மா திட்டுவாள் என்று அவள் சிரித்துக்கொண்டே ஏறினாள். மெதுவாப் போ கண்ணு என்றான். பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு வண்டி ரோட்டில் ஏறியது. அது கண்ணுக்கு மறையும்வரை நின்று பார்த்தான்.

பன்னிரண்டு முப்பத்துமூன்று. மீட்டரை மாட்டி வைக்கத் தூக்கினான்.

முள் முப்பத்துமூன்றிலேயே நின்றது.

எந்த டயரிலும் மாட்டவில்லை. வெறுங்கையில் இருக்கிறது. வெறும் மீட்டர் பூஜ்யத்தில்தானே இருக்க வேண்டும்? உதறினான். தட்டினான். அமுக்கிவிட்டான். முள் அசையவில்லை. அப்படியானால் நாலு டயரிலும் பார்த்தது... அது காற்றின் அளவே இல்லை. உள்ளே என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. மறுபடியும் ஒரு வண்டியைக் காற்றே பார்க்காமல் லைட்டை அணைத்து அனுப்பியிருக்கிறான்.

பன்னிரண்டு முப்பத்தைந்து. முள் நகர்ந்தது.

முப்பத்திரண்டு... முப்பத்தொன்று... முப்பது.

அவன் போட்ட அலறலில் நான் ஓடினேன். மீட்டரை நீட்டிக் காட்டினான். போனை எடுத்து மகளுக்கு அடித்தான். மணி போகிறது, எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனை எடுக்காதே என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

பன்னிரண்டு முப்பத்தொன்பது. இருபத்துநாலு.

அவன் பைக்கில் ஏறினான். இரண்டு டயரும் சப்பை. என் வண்டியை எடுக்கச் சொன்னேன். அதுவும் சப்பை. கடையில் வேலைக்கு விட்டிருந்த மூன்று வண்டிகளும் சப்பை. சற்று முன் வரைக்கும் எல்லாம் நன்றாக நின்றன. நான் கண்ணால் பார்த்தேன், சத்தியமாகச் சொல்கிறேன்.

ரோட்டுக்கு ஓடிக் கை நீட்டினோம். ஒருவரும் நிறுத்தவில்லை.

பன்னிரண்டு நாற்பத்திரண்டு. பதினெட்டு.

கடைமுன் லாரிக்காரர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எல்லாரும் பழைய வாடிக்கை; ஓரமாக நிறுத்தியிருந்த அவர்கள் லாரிகளும் சப்பை. என்னண்ணா, என்னண்ணா என்று கேட்டார்கள்.

பன்னிரண்டு நாற்பத்துநாலு. அவன் போன் அடித்தது. மகள் இல்லை. பெயர் வராத ஏதோ நம்பர். ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணா, பிரியங்கா பேசறனுங்க."

மாயவன் வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது.

"அன்னிக்கு வண்டி வந்துச்சுங்களா அண்ணா?"

முள் பதினாலு.

"வந்துச்சும்மா" என்றான். காதோடு சொல்வது போல.

முள் நின்றது.

"சத்தமா சொல்லுங்கண்ணா. இங்க எல்லாரும் இருக்காங்க."

அவள் பின்னால் கசகசவென்று ஆள் சத்தம். பஸ் நிறைய ஆட்கள் ஒரே நேரத்தில் பேசுவது போல. ஒரு வார்த்தையும் பிரித்துக் கேட்க முடியவில்லை.

மாயவன் கத்தினான். வந்துச்சு, பன்னண்டு இருபதுக்கு வந்துச்சு, நான் பொய் சொன்னேன் என்று கத்தினான். லாரிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காத்து பாத்தீங்களா அண்ணா?"

இங்கேதான் அந்த மடையன்... என்ன சொல்ல. சுற்றி நிற்பவர்கள் இருபது வருஷமாக அவன் காதை நம்பி வண்டி எடுத்துப் போனவர்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தான். பெற்ற மகள் அங்கே கணவாயில் இறங்கிக்கொண்டிருக்கிறாள். அப்போதும் அந்தத் திமிர் விடவில்லை.

"பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

முள் விழுந்தது.

பதினாலிலிருந்து மூன்றுக்கு. ஒரே வீச்சில்.

பன்னிரண்டு நாற்பத்தொன்பது.

போனில் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள்.

அப்புறம்...

"அண்ணா. மீட்டர் வெச்சுப் பாத்தீங்களாண்ணா?"

பெண் குரல் இல்லை.

மரியாதையான குரல். சின்னப் பையன் குரல்.

மாயவன் மண்ணில் விழுந்தான்.

"வெக்கல. நீ கேட்ட, நான் வெக்கல. தடியில தட்டித்தான் பாத்தேன். லைட்ட நான்தான் அணைச்சேன். நீ தூங்கல சாமி. நான்தான் கொன்னேன். எம்புள்ளய விட்ரு."

இரண்டு...

ஒன்று...

பூஜ்யம்.

பன்னிரண்டு ஐம்பது.

முள் பூஜ்யத்தைத் தொட்டது. தொட்டு ஒரு நொடி துடித்தது. அப்புறம் அப்படியே நின்றுவிட்டது.

"சரிங்கண்ணா."

போன் கட்டானது.

பன்னிரண்டு ஐம்பத்துநாலுக்கு ஐஸ்வர்யா நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் யாரோ ஒரு லாரி டிரைவர். கணவாய் இறக்கத்தில் வண்டி தடுப்புச் சுவரில் ஏறி நிற்கிறது, பெண்ணுக்கு உயிர் இருக்கிறது, சீக்கிரம் வாங்க என்றார்.

பின் இடது டயர்.

உயிர் பிழைத்தாள். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு சாண் தள்ளிப் போயிருந்தால் ஆளே இல்லை என்றார்கள். சுகுணா ஆஸ்பத்திரி வராந்தாவில் கத்திய கத்தலை நான் இங்கே எழுதப் போவதில்லை. மாயவன் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். அதற்கப்புறம் அவள் அவனோடு பேசுவதில்லை.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? பொட்டைப் பிள்ளை, நெடுந்தூரம் தனியாக ஓட்டி வந்திருக்கிறது, கண் அசந்துவிட்டது என்றது. ஐஸ்வர்யா படுக்கையில் கிடந்தபடி வருகிறவர்களிடமெல்லாம் நான் தூங்கலீங்க, நான் தூங்கலீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் சரிம்மா, சரிம்மா என்று தலையை ஆட்டிவிட்டு, வெளியே வந்து தூங்கிட்டாதான் என்றார்கள். மாயவன் ஒவ்வொருவர் பின்னாலும் போய், எம்புள்ள தூங்கலைங்க, டயர்தான் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். ஒருவரும் நம்பவில்லை. பாவம், பெத்த மனசு என்றார்கள்.

பத்தொன்பதாம் நாள் என்னைக் கூட்டிக்கொண்டு வத்தல்மலைக்குப் போனான். போகிற வழியில் ஸ்டேஷனுக்குப் போய், சரத் வண்டி தன் கடைக்கு வந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டான். மலையில் ஊர்க்காரர்களைக் கூப்பிடச் சொன்னான். எல்லார் முன்னாலும் நின்று, தட்டியதிலிருந்து கற்பூரம் அணைத்ததுவரை ஒன்று விடாமல் சொன்னான். பிரியங்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கேட்டாள். காலில் விழப் போனவனைத் தள்ளி நின்று தடுத்தாள்.

"நீங்க விழுந்தா எனக்கு ஆறிடுமா? ஆறாதுங்க."

மாயவன் எழுந்து நின்றான். நீ போனில் கேட்டபோது முதலிலேயே முழுசாகச் சொல்லியிருந்தால் என் பெண்ணின் காலாவது மிஞ்சியிருக்கும் என்றான்.

அவள் புரியாமல் பார்த்தாள். நான் எங்கங்கண்ணா உங்களுக்குப் போன் பண்ணினேன், உங்க நம்பரே எனக்குத் தெரியாதே என்றாள்.

மாயவன் போனை எடுத்து அந்த நாளின் அழைப்பைக் காட்டினான். பன்னிரண்டு நாற்பத்துநாலு. ஆறு நிமிஷம். அவள் அந்த நம்பரை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது அவரு நம்பருங்க. சட்டப் பையில இருந்த போனு, ரெண்டா ஒடைஞ்சு கெடந்துச்சு. அவரு நெஞ்சு மேலயே வெச்சு மண்ணு தள்ளிட்டோம்."

மாயவனின் போனில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும். வாடிக்கையாளர் சொன்னதை மறக்காமல் இருக்க அவன் வைத்திருந்த ஏற்பாடு. அதைப் போட்டுக் காட்டினான். பிரியங்கா காதோடு வைத்துக் கேட்டாள். புருஷன் குரல் வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்ததும் திரும்ப ஒரு தரம் முதலிலிருந்து போட்டாள். அந்தக் கசகசப்பு வருகிற இடத்தில் நிறுத்தினாள். மாயவனைப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் இரக்கம் மாதிரி ஏதோ ஒன்று தெரிந்தது.

"இதுல நடுவுல ஒரு பொண்ணு விடாம அப்பா அப்பான்னு கூப்புடுது. அது யாருங்கண்ணா?"

மாயவன் போனை வாங்கிக் காதில் வைத்தான். நானும் தலையைச் சாய்த்துக் கேட்டேன். அத்தனை குரலுக்கும் நடுவே, மெலிசாக, மூச்சு வாங்கியபடி...

"அப்பா, சீக்கிரம் சொல்லுங்கப்பா. என்னையும் இங்க கொண்டாந்துட்டாங்கப்பா."

ஐஸ்வர்யாவின் குரல்.

அது பதிவானது பன்னிரண்டு நாற்பத்தைந்துக்கு. அவள் வண்டி சுவரில் மோதியது பன்னிரண்டு ஐம்பதுக்கு. அவளிடம் கேட்டோம். அப்போது பாட்டுப் போட்டுக்கொண்டு நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தேன், யாரிடமும் பேசவில்லை என்கிறாள்.